ஏரியை மீட்ட ஊர், கரியை விட்ட ஊர்: லஹ்தி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபின்லாந்தில் லஹ்தி என்று ஒரு தொழில் நகரம். பக்கத்து நாட்டுக்காரர்களுக்கே ஸ்கீ என்ற பனிச்சறுக்குப் பந்தயம் நடக்கும் ஊர் என்ற அளவில்தான் அதைத் தெரியும். 2021-ம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் பசுமைத் தலைநகர் என்ற பட்டம் கிடைத்ததும் அது உலகச் செய்தியானது. 2025-க்குள் காலநிலைச் சமநிலையை எட்டுவோம் என்று அறிவித்த ஊர் அது. பாராட்டுகளும் சந்தேகங்களும் ஒன்றாகக் குவிந்தன. திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

லஹ்தி எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிய ஊர்?

ஹெல்சிங்கிக்கு வடகிழக்கே சுமார் 100 கிலோமீட்டர், ரயிலில் ஒரு மணி நேரம். மக்கள்தொகை ஏறத்தாழ 1,20,000. நம் கணக்கில் இது ஒரு சின்ன நகராட்சி. ஐம்பத்தைந்து லட்சம் பேர் மட்டுமே வாழும் ஃபின்லாந்தில் பெரிய நகரங்களின் பட்டியலில் வந்துவிடும்.

ஃபின்னிய மொழியில் 'லஹ்தி' என்றால் விரிகுடா. கடலைத் தேட வேண்டாம். வெசியார்வி என்ற பெரிய ஏரி தெற்கே வளைந்து முடியும் இடத்தில்தான் ஊர் இருக்கிறது. 'வெசியார்வி' என்பதற்குப் பொருள் 'தண்ணீர் ஏரி'. பெயர் வைத்தவர் அதிகம் யோசிக்கவில்லை போலும்.

தொழில் நகரம் என்கிறார்களே, அங்கே என்ன தொழில்?

முதலில் மரம். அஸ்கோ, இஸ்கு ஆகிய அறைகலன் நிறுவனங்கள் இந்த ஊரில் வளர்ந்தவை. ஆயத்த ஆடை, உலோகப் பொருள், வீட்டுச் சாதனம், ரொட்டி, பீர் எல்லாம் உண்டு. 1905-ல் நகர அந்தஸ்து பெற்ற ஊர், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் கிடுகிடுவென வளர்ந்தது. கரேலியா பகுதி சோவியத் ஒன்றியத்திடம் போனதும் அங்கிருந்து வெளியேறிய குடும்பங்களும் வீபோர்க் நகரத்து வியாபாரிகளும் இங்கே வந்து குடியேறினார்கள். ஒரு காலத்தில் 'ஃபின்லாந்தின் சிகாகோ' என்று பட்டப்பெயர் சொல்லும் அளவுக்கு ஆலைகள் இருந்தன.

1990-களின் தொடக்கத்தில் சோவியத் சந்தை சரிந்தது. ஃபின்லாந்து முழுவதும் மந்தநிலை. லஹ்திக்கு அடி கொஞ்சம் பலமாகவே விழுந்தது. ஆலைகள் மூடின, வேலையின்மை எகிறியது. இதை இங்கே சொல்ல ஒரு காரணம் உண்டு. லஹ்தியின் உமிழ்வுக் கணக்கு 1990-ஐ அடிப்படை ஆண்டாக வைத்துத் தொடங்குகிறது. அப்படிப்பட்ட எந்தக் கணக்கிலும், திட்டம் போட்டுக் குறைத்ததோடு ஆலை மூடியதால் தானாகக் குறைந்ததும் சேர்ந்தே இருக்கும்.

'காலநிலைச் சமநிலை' என்றால் புகையே வராது என்று அர்த்தமா?

இல்லை. லஹ்தி வகுத்துக்கொண்ட இலக்கு இது: 1990-ஐ ஒப்பிட்டால் பசுங்குடில் வாயு உமிழ்வு 80 சதவீதம் குறைய வேண்டும். மிச்சமிருப்பதை மரம், மண் போன்ற உறிஞ்சிகளின் மூலமோ வேறு ஈடுகளின் மூலமோ சரிக்கட்ட வேண்டும். ஃபின்லாந்து நாடு முழுவதற்கும் இலக்கு 2035. லஹ்தி அதற்குப் பத்து ஆண்டுகள் முன்னால் தேதி குறித்தது.

அங்கே வீடுகளைச் சூடாக்குவதுதான் பெரிய பிரச்சினையாமே?

ஆமாம், அதைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் கதையில் எதுவும் விளங்காது. குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்கு இருபது டிகிரி கீழே இறங்கக்கூடிய ஊர். ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக அடுப்பு மூட்டுவதற்குப் பதில், ஊரின் ஓரத்தில் ஒரு பெரிய கொதிகலனில் தண்ணீரைக் காய்ச்சி, மண்ணுக்கடியில் போட்ட குழாய்கள் வழியே வீடு வீடாக அனுப்புகிறார்கள். வீட்டுக்குள் சூட்டைக் கொடுத்துவிட்டு ஆறிய தண்ணீர் திரும்ப ஆலைக்கே வரும். நம் ஊரில் குடிநீர்க் குழாய் எப்படியோ அப்படி அங்கே வெந்நீர்க் குழாய். அதே ஆலை மின்சாரமும் தயாரித்தால் எரிபொருள் வீணாவது குறையும்.

ஊரின் சூடு ஒரே இடத்திலிருந்து வந்தால் ஊரின் புகையும் பெரும்பாலும் அந்த இடத்திலிருந்துதான் வரும். லஹ்திக்கு அந்த இடம் கிமியார்வி அனல் நிலையம். அதை நடத்தும் லஹ்தி எனர்கியா நகராட்சிக்குச் சொந்தமான நிறுவனம்.

சரி, உமிழ்வு உண்மையில் எங்கே குறைந்தது?

பெரும்பங்கு அந்த ஒரு புகைபோக்கியில். செயலி, சைக்கிள், விழா என்று செய்திகளில் எதைப் படித்தாலும் இதை மறக்கக் கூடாது.

கிமியார்வியின் முதல் அலகு 1976-ல் எண்ணெய் எரிக்கத் தொடங்கியது. எண்ணெய் விலை உயர்ந்ததால் 1982-ல் நிலக்கரிக்கு மாறியது. 1998-ல் அதோடு ஒரு வாயுவாக்கி சேர்ந்தது. மரக்கழிவையும் குப்பையையும் வாயுவாக்கி, கரியோடு கலந்து எரித்தார்கள். அதில் கிடைத்த அனுபவத்தை வைத்து 2012-ல் இரண்டாம் அலகைக் கட்டினார்கள்.

இந்த இரண்டாம் அலகு எனக்குப் பிடித்த பொறியியல். குப்பையை நேரடியாக எரித்தால் அதிலுள்ள குளோரின் கொதிகலன் குழாய்களை அரித்துவிடும். அதற்குப் பயந்து நீராவியின் சூட்டைக் குறைத்தே வைப்பார்கள், மின்சாரமும் குறைவாகத்தான் கிடைக்கும். லஹ்தியில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். குப்பையைச் சுமார் 900 டிகிரியில் காற்று பற்றாமல் வேகவைத்து வாயுவாக்குவது. அந்த வாயுவை 400 டிகிரிக்கு ஆறவிடுவது. ஆறும்போது அரிக்கும் பொருட்கள் தூசாக உறைந்துவிடும், வடிகட்டியில் மாட்டிக்கொள்ளும். பிறகு சுத்தமான வாயுவை மட்டும் கொதிகலனில் எரிப்பது. நிலக்கரி நிலையத்தின் நீராவிச் சூட்டுக்கு நெருங்கி வர முடிகிறது. 50 மெகாவாட் மின்சாரம், 90 மெகாவாட் வெப்பம். ஆண்டுக்குச் சுமார் 2,50,000 டன் தரம் பிரித்த கழிவை விழுங்கும். இந்த முறையில் இந்த அளவில் கட்டப்பட்ட முதல் ஆலை அது.

மூன்றாம் அலகு மரச்சில்லில் ஓடுவது. 190 மெகாவாட் வெப்பம், செலவு 15 கோடி யூரோவுக்கும் மேல். ஈரமான மரச்சில்லை எரிக்கும்போது புகையோடு போகும் நீராவியைக் குளிரவைத்து, அதன் சூட்டையும் பிடித்துக்கொள்கிறார்கள். இது தயாராகும் நேரத்தில், 2019 வசந்த காலத்தில், பழைய முதல் அலகில் கரி எரிப்பது நின்றது. ஃபின்லாந்துச் சட்டம் நிலக்கரிக்கு வைத்த கெடு 2029 மே. லஹ்தி பத்து ஆண்டுகள் முந்திக்கொண்டது.

கரியை விட்டதால் ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடு குறையும் என்பது நிறுவனத்தின் மதிப்பீடு. மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு 5 டன். வெந்நீர்க் குழாய் பக்கத்து ஊர்ப் பகுதிகளுக்கும் போகிறது, அதனால் இதைத் துல்லியமான வகுத்தலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் ஒரு குடிமகன் காரை விற்று, இறைச்சியை விட்டு, விமானம் ஏறாமல் இருந்து சேர்க்கும் மிச்சத்தோடு இதை வைத்துப் பாருங்கள். புகைபோக்கி நகராட்சியின் கையில் இருந்ததால் ஒரு மன்றத் தீர்மானத்தில் அதை மாற்ற முடிந்தது. தனியாருக்கு விற்றிருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

குப்பையை எரிப்பதையும் பசுமையில் சேர்க்கலாமா?

பாதிதான் சேர்க்கலாம். கழிவிலுள்ள காகிதமும் மரமும் ஒரு கணக்கு, பிளாஸ்டிக் வேறு கணக்கு. பிளாஸ்டிக் என்பது கச்சா எண்ணெய்தான், எரித்தால் எண்ணெய்ப் புகைதான். லஹ்தியின் வீட்டுக் கழிவில் கிட்டத்தட்ட எதுவுமே குப்பைமேட்டுக்குப் போவதில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் 'பயன்படுத்தப்பட்டது' என்ற சொல்லுக்குள் மறுசுழற்சியும் இருக்கிறது, எரித்ததும் இருக்கிறது. மட்கும் கழிவைக் குப்பைமேட்டில் கொட்ட 2016 முதல் நாடு முழுவதும் தடை. கொட்டினால் மீத்தேன் கிளம்பும், அது இதைவிட மோசம்.

ஊருக்கு வெளியே குயாலா என்ற இடத்தில் கழிவு மையம் இருக்கிறது. உணவுக் கழிவு அங்கே சாண எரிவாயுவைப் போன்ற உயிரிவாயுவாகிறது, மிச்சம் உரமாகிறது. எரிப்பதைவிட இதைத்தான் நான் முன்னால் வைப்பேன்.

மரத்தை எரித்தால் உமிழ்வு சுழியம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? புகை கண்ணுக்குத் தெரிகிறதே?

இந்தப் பக்கத்தில் மிக நியாயமான கேள்வி இதுதான்.

சர்வதேசக் கணக்கு விதி இப்படி: மரத்தை வெட்டியவுடனேயே அதன் கார்பன் 'நிலப் பயன்பாடு' என்ற பேரேட்டில் இழப்பாக ஏறிவிடும். அதையே எரிக்கும்போது இன்னொரு முறை எழுதினால் இரட்டைக் கணக்கு. அதனால் எரிசக்திப் பேரேட்டில் சுழியம் போடுகிறார்கள். நாடு முழுவதற்கும் இரண்டு பேரேடுகளையும் சேர்த்துப் பார்த்தால் இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் ஒரு நகரம் தன் எரிசக்திப் பேரேட்டை மட்டும் விரித்துக் காட்டினால், மரப்புகை எங்கேயும் தெரியாமல் போய்விடும். காடு எங்கோ, அதன் கணக்கு வேறு யாரிடமோ.

ஆதரவாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. கிமியார்விக்கு வருவது பெரும்பாலும் அறைகலனுக்கும் காகிதத்துக்கும் போகாத கொப்பு, குச்சி, மெலிந்த மரம். காட்டில் கிடந்தாலும் அது மட்கி, அதே வாயுவாகத்தான் போகும். ஆனால் மட்க ஆண்டுக்கணக்கில் ஆகும், எரிக்க ஒரு நிமிடம். அந்த இடைவெளிதான் விவாதமே. நூறு ஆண்டில் கணக்கு நேராகலாம், நமக்கு அவசரமோ இந்த இருபது ஆண்டுகளில்.

இன்னொரு சங்கடமும் சேர்ந்தது. ஃபின்லாந்தின் காடும் நிலமும் சேர்ந்து உறிஞ்சுவதைவிட வெளிவிடுவது அதிகம் என்று 2021-ம் ஆண்டுக்கான தேசியக் கணக்கு முதல்முறையாகக் காட்டியது. வெட்டு அதிகம், மர வளர்ச்சி மந்தம். அடுத்த ஆண்டே உக்ரைன் போரால் ரஷ்யாவிலிருந்து மரச்சில்லு வருவது நின்றது. நாடெங்கும் மர எரிபொருளுக்குப் போட்டி வந்தது, விலை ஏறியது. கரியைவிட மரம் எவ்வளவோ மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 'சுழியம்' என்ற சொல்லை நான் எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்குகிறது.

இந்தக் கதையில் ஏரியை ஏன் எல்லோரும் இழுக்கிறார்கள்?

லஹ்திக்காரர்களைக் கேட்டால் கதையை அங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

பல பத்தாண்டுகளாக ஊரின் சாக்கடையும் ஆலைக் கழிவும் வெசியார்வியில்தான் கலந்தன. நாட்டிலேயே மோசமாகக் கெட்டுப்போன பெரிய ஏரிகளில் ஒன்று என்ற பெயர் வந்தது. 1976-ல் கழிவுநீரைத் திசைதிருப்பினார்கள். ஏரி தெளிந்துவிடும் என்று காத்திருந்தார்கள். தெளியவில்லை. அடியில் படிந்திருந்த, பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸ் மேலே வந்துகொண்டே இருந்தது. 1980-களிலும் கோடை வந்தால் நீலப்பச்சைப் பாசி ஏரியை மூடியது.

1987-ல் நகராட்சியும் ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கினார்கள். நம் ஊரில் ஏரி கெட்டால் தூர் வாருவோம். இவர்கள் மீன் வாரினார்கள். கெண்டை இனத்தைச் சேர்ந்த ரோச் என்ற சிறு மீன் அங்கே அளவுக்கு மிஞ்சிப் பெருகியிருந்தது. பாசியைத் தின்னும் மிகச் சிறிய நீர்ப்பூச்சிகளை அது தின்றது, அடிச்சேற்றையும் கிளறியது. 1989 முதல் 1993 வரை வலை போட்டு ஆயிரம் டன்னுக்கு மேல் மீனை அள்ளினார்கள். கூடவே அந்தச் சிறுமீனைத் தின்னும் வேட்டை மீன்களை விட்டார்கள். பாசி சட்டென்று குறைந்தது, தண்ணீர் தெளிந்தது.

அதோடு ஏரி குணமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பிறகும் பாசி தலைகாட்டியது. 2007-ல் ஏரிக்கென்று தனி அறக்கட்டளை அமைத்து, இன்றுவரை காசும் ஆளும் போட்டுப் பராமரிக்கிறார்கள். நாய் வளர்ப்பது போல தினமும் கவனிக்க வேண்டிய வேலை.

காலநிலைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு குறைவு. ஆனால் நகராட்சி, பல்கலைக்கழகம், மீனவர், ஆலை முதலாளி எல்லோரும் ஒரே மேசையில் உட்காரும் பழக்கம் ஏரிக்கரையில்தான் வந்தது. குடிமக்களும் ஒன்றைக் கண்ணால் பார்த்தார்கள். நாம் கெடுத்ததை நாமே திருத்த முடியும், நாளாகும் என்பதை.

தனிநபருக்குக் கார்பன் 'ரேஷன்' கொடுத்தார்களாமே?

கொடுத்தார்கள், விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும். சிட்டிகேப் என்று பெயர், ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடந்த சோதனை. அலைபேசியில் செயலியைப் போட்டுக்கொண்டால், நீங்கள் நடக்கிறீர்களா, சைக்கிளா, பேருந்தா, காரா என்று அதுவே கண்டுபிடிக்கும். வாரத்துக்கு இவ்வளவு கார்பன் என்று ஒதுக்கீடு உண்டு. குழந்தை இருக்கிறதா, கடைகண்ணி எவ்வளவு தூரம், உடல்நிலை எப்படி என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் அளவு மாறும். மிச்சம் பிடித்தால் மெய்நிகர் யூரோ சேரும். அதைக் கொடுத்துப் பேருந்துச் சீட்டு, நீச்சல்குள அனுமதி, காபியும் கேக்கும் வாங்கிக்கொள்ளலாம். மீறினால் தண்டனை கிடையாது.

இப்படி ஒரு யோசனை பிரிட்டனில் 1990-களிலேயே பேசப்பட்டது. 2008-ல் அந்த நாட்டு அரசு, காலத்துக்கு முந்திய யோசனை என்று கிடப்பில் போட்டது. போக்குவரத்தில் அதை நிஜ மனிதர்களிடம் முதலில் சோதித்துப் பார்த்த நகரம் லஹ்திதான்.

பலன்? 2020-ல் நடுவில் கொரோனா வந்து எல்லோரையும் வீட்டில் உட்காரவைத்தது. பயணம் குறைந்தது செயலியாலா நோயாலா என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? ஒரு கப் காபிக்காகக் காரை விடுவார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் தன் வாரத்துப் பயணத்தை எண்ணாகப் பார்க்கும்போது ஏற்படும் கூச்சம் கொஞ்சம் வேலை செய்யும் என்று நினைக்கிறேன்.

கார்களைக் குறைத்தார்களா இல்லையா?

கரி போன பிறகு சாலைப் போக்குவரத்துதான் கணக்கில் முன்னால் வந்து நிற்கிறது, சுலபமாக அசைவதாக இல்லை. ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் ஒன்றாக்கினார்கள். சிட்டிகேப் திட்டத்திலேயே அபிலாகாத்து தெரு வழியாகத் தரமான சைக்கிள் பாதை போட்டார்கள். இதெல்லாம் ஒரு பக்கம்.

மறுபக்கம், 2020 டிசம்பரில் ஊரின் தெற்கே சுரங்கங்களோடு புதிய சுற்றுச்சாலை திறந்தது. பசுமைத் தலைநகர் ஆண்டு பிறக்க ஒரு மாதம்கூட இல்லை! ஊருக்குள் லாரி நெரிசல் குறையும் என்பது நியாயமான காரணம். ஆனாலும் விருது மேடைக்குப் பக்கத்திலேயே நெடுஞ்சாலை திறப்பு விழா என்பது கொஞ்சம் சிரிப்பை வரவழைக்கத்தான் செய்கிறது.

ஸ்கீ-யை இலவசமாகக் கொடுத்தது உண்மையா?

உண்மை. 2021 குளிர்காலத்தில், வாடகை சைக்கிள் போல, எடுத்துப்போய்த் திருப்பி வைக்கும் 'நகர ஸ்கீ' ஏற்பாடு செய்தார்கள். உமிழ்வுக் கணக்கில் அது தூசு. 1923 முதல் ஸ்கீ விழா நடத்தும் ஊருக்குப் பனி குறைவது என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பசுமைத் தலைநகர் பட்டம் எப்படிக் கிடைத்தது?

ஐரோப்பிய ஆணையம் ஆண்டுதோறும் ஒரு நகரத்துக்குத் தரும் பட்டம். 2021-க்கான இறுதிச் சுற்றில் பிரான்ஸின் லீல், ஸ்ட்ராஸ்பூர் இரண்டும் எதிரே நின்றன. ஃபின்லாந்துக்கு அதுதான் முதல் முறை.

ஆலைகள் என்ன செய்கின்றன?

எனக்குப் பிடித்த உதாரணம் ஓட்ஸ் உமி. ஃபாட்சர் நிறுவனத்தின் தானிய ஆலை லஹ்தியில் இருக்கிறது. மாவு அரைத்து மிஞ்சும் உமியிலிருந்து சைலிட்டால் என்ற இனிப்பை எடுக்க அங்கே ஓர் ஆலை கட்டினார்கள். பல் சொத்தையைத் தடுக்கும் சூயிங்கத்தில் போடுகிற அதே பொருள்தான்.

2025 இலக்கு எட்டப்பட்டதா?

1990-ஐவிடச் சுமார் 70 சதவீதம் குறைந்துவிட்டது என்று பசுமைத் தலைநகர் ஆண்டையொட்டி நகராட்சி சொன்னது. அதிலிருந்து 80-க்குப் போவது, தொடக்கத்திலிருந்து 70-க்கு வந்ததைவிடக் கடினம். புகைபோக்கியை ஒரு முறைதான் மூட முடியும். மிச்சம் இருப்பவை ஆயிரக்கணக்கான கார்கள், குப்பையிலுள்ள பிளாஸ்டிக், பண்ணைகள், தனி வீடுகளின் எண்ணெய்க் கொதிகலன்கள். ஒரு தீர்மானத்தில் தீராதவை. ஓர் ஆண்டின் உமிழ்வுக் கணக்கு அந்த ஆண்டு முடிந்து வெகுநாள் கழித்துத்தான் வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் தேர்ந்தெடுத்த, 2030-க்குள் சமநிலையை எட்ட வேண்டிய நூறு நகரங்களின் பட்டியலிலும் லஹ்தி இருக்கிறது. வேறு ஊரில் உற்பத்தியாகி லஹ்திக்காரர்கள் வாங்கி அனுபவிக்கும் பொருட்களின் புகை இந்தச் சதவீதங்களில் சேராது.

நேரில் போனால் எதைப் பார்க்கலாம்?

ஏரிக்கரையில் சிபேலியஸ் மண்டபம். 2000-ல் ஒரு பழைய தச்சு ஆலையை ஒட்டி மரத்தாலேயே கட்டிய இசையரங்கு. அங்கே வாசிக்கும் லஹ்தி சிம்பொனி இசைக்குழுவும் தன் கார்பனைக் கணக்குப் பார்க்கிறது. இடைவேளையில் வெளியே வந்தால் எதிரே வெசியார்வி. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்திருப்பார்கள். இப்போது கோடையில் அதில் குளிக்கிறார்கள்.